கருவைக்குள்ள பன்னி, கணக்குக்குள்ள காடு

விளாத்திகுளம் பக்கம் விடியக்காலம் எதிர்ப்படுகிற ஆளிடம் "எங்க அண்ணாச்சி கிளம்பியாச்சு?" என்று கேட்டால், "காட்டுக்குத்தான்" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்கள் திகைத்துப்போவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், நடுநடுவே ஒன்றிரண்டு பனை. இதில் காடு எங்கே இருக்கிறது? நமக்குக் காடு என்றால் புஞ்சை. மிளகாய்க்காடு, பருத்திக்காடு, உளுந்தங்காடு. மரம் இருந்தால்தான் காடு என்று நம்ம பாட்டன் பூட்டன் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், போன மார்கழியில் பத்துப் பதினைந்து ராத்திரி நான் அந்தக் காட்டில்தான் படுத்துக் கிடந்தேன். காட்டுப்பன்னிக்குக் காவல். கம்பும் உளுந்தும் பாசியும் கலந்து விதைத்த மூணு ஏக்கர் எனக்கு. பக்கத்துப் புஞ்சை முழுக்க மக்காச்சோளம், கதிர் பால் பிடிக்கிற பருவம். பழைய சேலைகளைச் சுத்திக் கட்டினோம். முடிவெட்டுகிற கடையில் கேட்டு வாங்கி வரப்பெல்லாம் முடி தூவினோம். தகரம் தட்டினோம், வெடி போட்டோம். முதல் வாரம் பன்னி கொஞ்சம் யோசிக்கும். அடுத்த வாரம் சேலைக்கு அடியில் தலையைக் கொடுத்து உள்ளே வந்துவிடும். பக்கத்துக்காரர் பாதிக் கதிரை அள்ளிக் கொடுத்தார். என் உளுந்தில் அது தின்றது கொஞ்சம், கிளறிப் போட்டது நிறைய.

"காட்டை அழிச்சிட்டோம், அதான் மிருகம் ஊருக்குள்ள வருது" என்று பேப்பரில் எழுதுகிறார்கள், மேடையிலும் பேசுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அது சரியாக இருக்கலாம். குருமலைக் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களில் புள்ளிமான் இறங்குவதற்கும் அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். விளாத்திகுளத்துப் பன்னிக்கு அது பொருந்தாது. இங்கே அது எந்த மலையிலிருந்தும் இறங்கி வரவில்லை. கண்மாய்க்குள், ஓடைக்குள், வைப்பாற்றுப் படுகையில், தரிசாய்ப் போட்ட புஞ்சையில் அடைத்து நிற்கிற சீமைக்கருவைக்குள் குடியிருக்கிறது. அங்கேயே குட்டி போட்டு, கருவை நெத்தைத் தின்று, ராத்திரியானால் மக்காச்சோளத்துக்கு வருகிறது. குடியிருப்பும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தக் குடும்பம் பெருகாது?

கருவை எப்படி வந்தது என்பது நம்ம ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். 1877 வாக்கில் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மரம். நம்ம வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் என்று பிறகு பரப்பினார்கள். ஆனால் புஞ்சைக்குள் அது ஏறினது வேற கதை. மழை தப்பிப் போகிறது. ரெண்டு வருசம் விளையவில்லை என்றால் வீட்டில் ஒருத்தர் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார். புஞ்சை சும்மா கிடக்கிறது. மூணாம் வருசம் கருவை முளைக்கிறது, ஐந்தாம் வருசம் ஆள் நுழைய முடியாது, பன்னி நுழையும். பன்னி நுழைந்த பிறகு பக்கத்துப் புஞ்சைக்காரரும் "நமக்கெதுக்கு இந்தப் பாடு" என்று விடுகிறார். அவர் புஞ்சையிலும் கருவை. பருவநிலை மாற்றம் என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்களே, அது நம்ம ஊருக்கு வந்து சேர்கிற பாதை இதுதான்.

மழை மட்டும் தப்பினால் பரவாயில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருசம் முழுக்கப் பெய்கிற சராசரியை விட அது அதிகம். மானாவாரிப் பயிர் தண்ணிக்குள் நின்று அழுகியது. காய்ந்தாலும் கெடுக்கிறது, பெய்தாலும் கெடுக்கிறது என்பது நம்ம பக்கத்தில் இப்போது பழமொழி இல்லை, வரவு செலவுக் கணக்கு.

இதையெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மகன் செல்போனில் எடுத்துக் கொடுத்ததை, இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் நண்பர் ஒருவரை உட்கார வைத்துப் படித்தேன். ஓய்ந்த நேரமெல்லாம் இதில் போனது. படித்தவரையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

2019 சூலையில் 'சயின்ஸ்' இதழில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகத்தில் இன்னும் 90 கோடி எக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது, அப்படி வளர்த்தால் 20,500 கோடி டன் கரியைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்று. உலகம் முழுக்க ஒரே கொண்டாட்டம். மரம் நட்டால் போதும், புகையைக் குறைக்க வேண்டியதில்லை என்று பெரிய கம்பெனிகளுக்கும் ஒரு நிம்மதி. மூணே மாதத்தில், அதே இதழில், அதே ஆண்டு அக்டோபரில் வேறு பல ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். மரமில்லாத புல்வெளிகளையும் திறந்தவெளிகளையும் காலி இடம் என்று எண்ணிவிட்டீர்கள், அந்த மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிற கரியைக் கணக்கில் எடுக்கவில்லை, உங்கள் கணக்கு ஐந்து மடங்கு கூடுதல் என்றார்கள். 2021-இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவும் பல்லுயிர்க் குழுவும் முதல்முறையாகச் சேர்ந்து ஓர் அறிக்கை தந்தன. புல்வெளியிலும் திறந்தவெளியிலும் மரத்தை அடர்த்தியாக நடுவது அங்குள்ள உயிர்களுக்குக் கேடு, பருவநிலைக்கும் அதனால் பெரிய நன்மை இல்லை என்பது அதில் உள்ள எச்சரிக்கைகளில் ஒன்று.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்ம நாட்டின் வறண்ட திறந்தவெளிகளை மதுசூதனும் அபி வனக்கும் சேர்ந்து வரைபடமாக்கி 2023-இல் வெளியிட்டார்கள். இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நிலம். அதில் சரணாலயம், தேசியப் பூங்கா என்று பாதுகாப்புக்குள் இருப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பெரும்பகுதி அரசின் 'தரிசு நில வரைபடத்தில்' தரிசு என்று பதிவாகியிருக்கிறது. தரிசு என்று பேர் வைத்த பிறகு அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்கலாம். சூரியத் தகடு பதிக்கலாம், காத்தாடி நிறுத்தலாம், தொழிற்பேட்டை போடலாம், மரம் நட்டுப் போட்டோ எடுக்கலாம்.

இன்னொரு பக்கம் காட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசின் வன அளவீட்டு நிறுவனம் ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படத்தை வைத்து நாட்டில் எவ்வளவு காடு என்று சொல்கிறது. ஒரு எக்டேருக்குக் குறையாத இடத்தில், மேலிருந்து பார்த்தால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மரக்கவிகை தெரிந்தால் அது காடு. யார் நிலம், என்ன மரம், எதற்காக நிற்கிறது என்ற கேள்வியே கிடையாது. தென்னந்தோப்பும் வந்துவிடும், தைலமரமும் வந்துவிடும். கண்மாயை அடைத்து நிற்கிற சீமைக்கருவையும் அந்த அளவைத் தொட்டால் வந்துவிடும். ஆடு மேய்கிற, வெளிமான் நின்ற, கொழுக்கட்டைப்புல் நிறைந்த மேய்ச்சல் புறம்போக்கு மட்டும் தரிசு! பன்னி குடியிருக்கிற இடம் காடு, நான் காடு என்று சொல்லிக் கும்பிட்டு இறங்குகிற இடம் ஒன்றுமில்லாத இடம். இந்தக் கணக்கைப் போட்டவர்களைக் கூட்டிவந்து ஒரு ராத்திரி காவலுக்குப் படுக்க வைக்க வேண்டும் என்று தோன்றும்.

வெளிமான் என்றேன். அந்தப் பேரையே கவனியுங்கள். வெளியில், திறந்த நிலத்தில் வாழ்கிற மான். நம்ம மாவட்டத்தில் வல்லநாட்டில் 1987-இல் அதற்குச் சரணாலயம் அறிவித்தார்கள். 1,641 எக்டேர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம் அதுதான். ஆபத்து வந்தால் தூரத்திலேயே கண்டு பாய்ந்து ஓடிப் பிழைக்கிற சாதி அது. அதற்குப் புல்லும் திறப்பும் வேண்டும். கருவை அடைத்தால் அதற்கு வாழ்க்கை இல்லை, பன்னிக்கு ராஜ வாழ்க்கை. நாம் எந்த நிலத்தை எப்படி விடுகிறோமோ, அதற்குத் தக்க மிருகம் வந்து சேரும்.

பறவையிலும் இதே கதைதான். 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைப்படி புல்வெளிப் பறவைகள் வேகமாகக் குறைகின்றன, மயில் பெருகிக்கொண்டே போகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு காலத்தில் கேரளத்தின் பெரும்பகுதியில் பார்க்க முடியாத மயில் இப்போது பரவுவதையே அந்த மாநிலம் வறண்டு வருவதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று. நம்ம ஊரில் பாசிப்பயறு முளைவிட்டதும் மயில் வந்து வரிசையாகக் கொத்துவதை "முருகன் வாகனம், என்ன செய்ய" என்று விட்டுவிடுகிறோம். அதற்குப் பின்னால் இவ்வளவு சேதி இருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி என்று பெரிய புல்வெளி. அங்கே வில்டபீஸ்ட் என்கிற மாடு மாதிரியான மான் கூட்டம் உண்டு. நம்ம மாடுகளைக் கொன்ற அதே வெக்கை நோய் அங்கேயும் போய், கூட்டம் மூணு லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேய ஆளில்லாமல் புல் மண்டிக் காய்ந்தது, வருசா வருசம் தீப்பிடித்தது, கரி அத்தனையும் புகையாகப் போனது. சுற்றியிருந்த ஊர்களில் மாட்டுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒழித்ததும், மான் கூட்டம் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிப் பெருகியது. புல்லை மேய்ந்தது, சாணியாகப் போட்டது, சாணிவண்டு அதை மண்ணுக்குள் இழுத்தது. தீ குறைந்தது, மண்ணில் கரி சேர்ந்தது. ஒரு மரம்கூட நடாமல், மேய்கிற மிருகத்தால் மட்டும் ஒரு நிலம் புகையைக் கக்குவதை நிறுத்திக் கரியைச் சேர்க்க ஆரம்பித்தது. காட்டுயிரைப் பருவநிலையால் பாதிக்கப்பட்ட பரிதாப ஜீவனாக மட்டும் பார்த்த காலம் போய், பருவநிலையைச் சரிசெய்கிற கூலி வாங்காத வேலையாளாகப் பார்க்கிற காலம் இப்போது ஆராய்ச்சியில் வந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம கிடை நினைவு வந்தது. மாசியில் அறுப்பு முடிந்து புரட்டாசி விதைப்பு வரை காடு வெறுமையாகக் கிடக்கும்போது, ஆட்டுக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள். நம்ம மண்ணுக்கென்று ஓர் ஆட்டினமே இருக்கிறது. வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் சுற்று வட்டாரத்து வேம்பூர் ஆடு. வெள்ளையில் செம்பழுப்புப் பொட்டு விழுந்திருக்கும். பொட்டு ஆடு, கரந்தை ஆடு என்றும் சொல்வோம். அந்த ஆடு நடந்து மேய ஒரு வெளி வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு பக்கம் கருவை, ஒரு பக்கம் கம்பிவேலி என்றால் ஆட்டுக்காரர் எங்கே போவார்? கிடைக்கு ஆள் கிடைப்பது வருசா வருசம் அரிதாகி வருகிறது. கிடை போட்ட புஞ்சைக்கு உரம் தேவையில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தப் புஞ்சை எத்தனை கரியைப் பிடித்து வைக்கிறது, கிடை போடாத புஞ்சைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அளந்து சொல்ல ஆராய்ச்சியாளர் வேண்டும். கோவில்பட்டியில் நூறு வருசத்துக்கு மேலாக வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்மாழ்வார் ஐயா 1960-களில் வேலை பார்த்த இடம். மானாவாரிக்காரனுக்குப் பொருந்தாத செலவு பிடித்த முறைகளை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்டு அவர் வெளியேறியதும் அங்கிருந்துதான். கருவை எடுத்த இடத்தில் புல் வந்தால் மண் என்னவாகிறது, கிடை மண்ணை என்ன செய்கிறது, பன்னி எந்தப் பயிருக்கு வருகிறது, எதற்கு வரவில்லை: இந்தக் கேள்விகளை அங்கே கொண்டுபோய் வைக்க நமக்கு உரிமை இருக்கிறது.

சரி, பன்னியை என்ன செய்வது? 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்னியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். போராடிக் கிடைத்தது, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கதிரை இழந்து நிற்கிறவனிடம் போய் அகிம்சை பேச எனக்கு வாய் வராது. நட்டஈடும் மனு கொடுத்து அலையாமல் கைக்கு வரவேண்டும். ஆனால் இந்த விதியே காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று நினைத்து எழுதினது. நம்ம பன்னிக்குக் காடு நம்ம கண்மாய்தானே? பத்துப் பன்னியைச் சுட்டால் வீடு காலியாகாது. வீடும் சாப்பாடும் இருக்கிறவரை அடுத்த ஈத்தில் இருபது வரும். மனித-விலங்கு மோதலைப் பற்றி 2023-இல் வந்த உலகளாவிய ஆய்வு, 49 மோதல்களை எடுத்து அலசியது. வெப்பமும் மழையும் மாறுகிறபோது மனிதனும் விலங்கும் ஒரே இடத்துக்கு, ஒரே சாப்பாட்டுக்கு வந்து முட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். துப்பாக்கி அந்தச் சாப்பாட்டையும் இடத்தையும் தொடுவதில்லை.

சாப்பாடு விசயத்தில் நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கோழித் தீவனத்துக்கு விலை வந்ததும் கம்பு, சோளம், பருத்தி, மல்லி என்று இருந்த கரிசலை மக்காச்சோளமாக்கினோம். 2018-இல் படைப்புழு வந்தபோதும் பாடம் படிக்கவில்லை. பால் பிடித்த மக்காச்சோளம் ஏக்கர் கணக்கில் நிற்பது பன்னிக்குப் பந்தி போட்டு வைத்த மாதிரி. மிளகாயும் மல்லியும் கலந்த புஞ்சையில் அது அவ்வளவாக வாய் வைப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். மக்காச்சோளக்காரரைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கினவன் விலை கிடைக்கிற பயிரைத்தான் போடுவான். கம்புக்கும் சோளத்துக்கும் நியாயமான விலை கேட்பதும் காட்டுயிர்ப் பிரச்சினையைத் தீர்க்கிற வேலைதான் என்று சொல்ல வருகிறேன்.

கருவையை எடுப்பதிலும் அவசரம் ஆகாது. 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அகற்றச் சொன்னது, 2022-இல் அரசு அயல்தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. எந்திரம் வந்து கண்மாயில் மேலாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிற இடத்தில் ரெண்டு வருசத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. அதுபோக, நம்ம தாலுகாவில் நிலமில்லாத எத்தனையோ குடும்பத்துக்குக் கரிமூட்டம்தான் கஞ்சி. மழையில்லாத வருசம் சம்சாரிக்கும் அதுதான். அவர்களை வைத்தே, துண்டு துண்டாக, தூரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அந்த மழைக்கே கொழுக்கட்டைப்புல் விதைத்து, ஊடே உடையும் வன்னியும் இலந்தையும் பனையும் தூரந்தூரமாக விட வேண்டும். அந்த நிலத்துக்கு ஆட்டுக்காரரை முதல் பங்காளியாகச் சேர்க்க வேண்டும். ஆடு கருவை நெத்தைத் தின்று விதையையும் பரப்பும், அதனால் மேய்கிற வரிசையைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பசுமைத் தமிழ்நாடு இயக்கம் என்று மாநிலத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 33 ஆக்கத் திட்டம் நடக்கிறது. நல்ல நோக்கம். வீட்டடியில், ரோட்டோரத்தில், வரப்பில், மரம் அழிந்த மலையில் நடட்டும், நானும் கூடவே குழி வெட்டுகிறேன். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்கு ஊர் ஊராக இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது மேய்ச்சல் புறம்போக்குதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

நோட்டு விசயம் ஒன்று சொல்ல மறந்தேன். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு மழைக்காட்டில் 1986 முதல் மாதம் தவறாமல் அதே மரங்களைப் போய்ப் பார்த்து, பூத்ததா காய்த்ததா என்று எழுதி வைத்தார்கள். முப்பது வருசம் கழித்துக் கணக்குப் பார்த்தால் காட்டில் பழம் கிடைப்பது நூற்றுக்கு எண்பது குறைந்துபோயிருந்தது, யானைகள் மெலிந்திருந்தன. இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்து நானும் போன தை முதல் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறேன். மழை விழுந்த தேதி, வன்னி பூத்த தேதி, கருவை நெத்து உதிர்கிற காலம், மயில் எத்தனை, பன்னி முதலில் எந்தப் புஞ்சைக்கு வந்தது. இது மாதிரி பத்து ஊரில் பத்துப் பேர் எழுதினால், கோவில்பட்டிக்குப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

அடுத்த வேலை அக்டோபர் 2 கிராம சபை. புரட்டாசி விதைப்பு நேரம், கூட்டத்துக்குப் போக நேரமிருக்காது என்று தெரியும். ஆனாலும் போக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். மேய்ச்சல் புறம்போக்கைத் தரிசு என்று எந்தத் திட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது, அதில் அடர்த்தியாக மரம் நடக் கூடாது, கண்மாய்க் கருவையைக் கரிமூட்டக்காரர்களை வைத்துப் பகுதி பகுதியாக எடுத்து அங்கே புல் வளர்க்க வேண்டும் என்று. உங்கள் ஊரிலும் வைப்பதாக இருந்தால், மேய்ச்சல் புறம்போக்கு எந்தப் புல எண்ணில், எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லி இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத தீர்மானத்தை மேலே யாரும் மதிப்பதில்லை.